தேரடிப் பந்தலில் கேட்ட குரலுக்கு உரியவர்

1. அறிவிப்பாளர் வராத காலை

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். பெரிய தேர் நிலையை விட்டுப் புறப்படவிருந்த காலையில் எங்கள் அறிவிப்பாளர் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் அப்போது தேரடித் தெருவில் மைக் செட் கடை வைத்திருந்தேன். பௌதிகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவன் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறானே என்று உறவினர்கள் பேசிய காலம். அந்தப் பேச்சுக்கு என் வேலையால் பதில் சொல்ல வேண்டும் என்ற உறுதி எனக்கு இருந்தது. தீபத் திருவிழாவுக்காக வியாபாரிகள் கூடித் தேரடியில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பிரிந்தவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். நாங்கள் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். முதன்முறையாக அந்தப் பொறுப்பு என் கடைக்குக் கிடைத்திருந்தது.

கம்பம் கம்பமாக ஏறிக் குழாய்களைக் கட்டியவர் ரஹீம் பாய். என்னைவிட மூத்தவர். என் கடையின் முதல் தொழிலாளி, கடைசித் தொழிலாளியும் அவரே.

"சார், நீங்களே பேசுங்க. படிச்சவரு" என்றார்.

பேசினேன். பந்தலில் ஒரு பெண் குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. ஏறத்தாழ நான்கு வயது மதிக்கத்தக்க, சிவப்பு நிறப் பாவாடை அணிந்த பெண் குழந்தை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்."

ரஹீம் பாய் கம்பத்தின் மேலிருந்தே கேட்டார். "குழந்தையா சார், குடையா?"

பந்தல் பொறுப்பாளர் பாத்திரக்கடை நாயுடு சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அறிவிப்பை மூன்று முறை படித்தும் ஒருவரும் வரவில்லை. குழந்தையின் அழுகை மட்டும் மைக் வழியாக ஊரெங்கும் போயிற்று.

அந்த வேளையில்தான் என் மனைவி மங்கையர்க்கரசி அடுக்குக் கேரியரில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். பெயர் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு முறுக்கு வாங்கிக் கையில் கொடுத்தார். பாதி முறுக்கு தீர்ந்ததும் குழந்தை தானாகவே, "எம் பேரு வளர்மதி. எங்கம்மா கீப்பெனாத்தூரு" என்றது. கீழ்பென்னாத்தூரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"என்னங்க, இதுல எங்க பேசணும்?" என்று கேட்டார் மங்கை. நான் பதில் சொல்வதற்குள், கம்பத்திலிருந்து இறங்கி வந்திருந்த ரஹீம் பாய் மைக்கின் பொத்தானைக் காட்டிவிட்டார்.

"கீப்பெனாத்தூரு வளர்மதியோட அம்மாவுக்குச் சொல்றேன். பாப்பா இங்க தேரடிப் பந்தல்ல இருக்குது. அழுகைய நிறுத்திடுச்சு. முறுக்கு தின்னுக்கிட்டு இருக்குது. நீங்க ஓடி வராதீங்க, கூட்டத்துல விழுந்துடுவீங்க. மெதுவா வாங்க. பாப்பா எங்கயும் போவாது. நீங்க வர்ற வரைக்கும் என் மடியிலதான் இருக்கும்."

சிறிது நேரத்தில் ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டவர் அழவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முறுக்கு தின்னுதுன்னு சொன்னீங்க பாரும்மா, அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

அன்று பொழுது சாயும் வரை மைக் மங்கையிடமே இருந்தது. என் சாப்பாடு ஆறிப்போயிற்று.

2. அப்பா விதித்த நிபந்தனைகள்

என் தந்தையார் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரிடம் படிக்காத வீடு குறைவு. அவர் வீதியில் நடந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த மதிப்பை அவர் வெள்ளை வேட்டியைப் போல மடிப்புக் கலையாமல் காத்துவந்தார். அதில் எனக்கும் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

அன்று மாலை நாங்கள் பே கோபுரத் தெரு வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கடைத்தெருவுல நடந்து வர்றேன். தலைக்கு மேல என் மருமக பேசறா. எதிர்ல வர்றவன் என்னைப் பாத்துச் சிரிக்கறான்."

"தப்பா எதுனா பேசிட்டேனா மாமா?"

"தப்பா பேசலைம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு குரல் கம்பத்துக்குக் கம்பம் தொங்கறது எனக்குச் சரியாப் படலை."

நான் அப்பாவின் பக்கமே நின்றேன். எங்களைப் போன்ற குடும்பங்களில் பெண்கள் மைக் முன் உட்காருவது அன்று வழக்கமில்லை. மங்கை சமையலறைக்குப் போய்விட்டார். கோபத்தோடு போனாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நாயுடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் அப்பாவின் பழைய மாணவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, நேத்து அம்மா பேசினதுல பந்தல்ல ஒரு குழந்தைகூட மிச்சம் இல்ல. தீபத்தன்னைக்குக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. உங்க பிள்ளை பேசினா நாங்க அத்தனை குழந்தைங்களுக்கும் ராத்திரி சோறு போட வேண்டி வரும். நீங்க மனசு வைக்கணும்."

அப்பா ஒப்புக்கொண்டார். பிறகு மூன்று நிபந்தனைகள் விதித்தார். மருமகளின் முகம் வெளியே தெரியாதபடி மூங்கில் தட்டி கட்ட வேண்டும். பெயரை யாரும் சொல்லக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது. கொச்சைத் தமிழ் கூடாது என்பதால், தாம் எழுதிக் கொடுப்பதையே படிக்க வேண்டும்.

தட்டி கட்டப்பட்டது. பெயரும் மறைக்கப்பட்டது. மூன்றாவது நிபந்தனைக்காக அப்பா ஒரு தாள் நிறைய மாதிரி அறிவிப்புகளை அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். மங்கை அதைப் பணிவோடு வாங்கிப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மாமா. இதைக் கேட்டு ஒரு ஆத்தா பதறாம நடந்து வருவாளான்னுதான் பாக்கறேன்."

ஆம்ப்ளிஃபயர் சூடேறும் பிற்பகல்களில் அந்தத் தாள் விசிறியாகப் பயன்பட்டது. அப்பாவுக்கு இதை நாங்கள் தெரிவிக்கவில்லை.

3. மங்கை வேலை செய்த முறை

அதன்பின் ஆண்டுதோறும் தீபத்துக்கும், சித்ரா பௌர்ணமிக்கும் மங்கை தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். தேரடித் தெரு வியாபாரிகள் சிலரைத் தவிர அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த வானொலிக்காரி என்று ஒரு பேச்சு இருந்தது. போலீஸ்காரர் ஒருவரின் மனைவி என்று ஒரு பேச்சு இருந்தது. மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண்களே அந்தக் குரலைப் பற்றிப் பேசுவார்களாம். மங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அப்படியா, நான் கேட்டதில்லையே" என்று சொல்லிவிட்டு வருவார். அதை வீட்டில் எங்களிடம் நடித்துக் காட்டும்போது அப்பாவும் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார்.

மங்கைக்கும் ரஹீம் பாய்க்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாக்குவாதம்.

"பாய், சத்தம் ஜாஸ்தியா இருக்குது. கம்மி பண்ணுங்க."

"கம்மி பண்ணா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்காதும்மா."

"பஸ் ஸ்டாண்டுல இருக்கறவங்களை நான் மிரட்டலை பாய், கூப்பிடறேன்."

பாய் கொஞ்சம் குறைப்பார். மங்கை அந்தப்பக்கம் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுவார். மங்கைக்கும் அது தெரியும்.

'காணோம்', 'காணாமல் போன' என்ற சொற்களை அவர் மைக்கில் சொன்னதே இல்லை. ஒருமுறை நான் இதைப் பற்றிக் கேட்டேன். காணாமல் போனவர்களை வேறு எப்படித்தான் சொல்வது என்றேன்.

"யாரு காணாம போனாங்க? இவங்க இங்க இருக்காங்க, அவங்க அங்க இருக்காங்க. நடுவுல கூட்டம் இருக்குது. அவ்ளோதான்."

வீட்டிலும் அதுவே சட்டம். மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று நான் குரல் கொடுத்தால், "காணோம்னு சொல்லாதீங்க, உங்களுக்காக அது எங்கயோ காத்துக்கிட்டு இருக்குது" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். பெரும்பாலும் அது என் நெற்றியின் மேலேயே காத்துக்கொண்டிருக்கும்.

4. தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்

தீபத்தன்று மாலையில் மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் கைகூப்பும். கைகூப்ப வேண்டுமென்றால், பிடித்திருக்கும் கையை விட வேண்டும். தாய் பிள்ளையின் கையை விடுவாள்; மகன் தகப்பன் கையை விடுவான். கும்பிட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வேறு யாரோ நிற்பார்கள். எங்கள் தொழிலில் ஆண்டின் கடினமான நேரம் அதுதான். சுடர் தெரிந்ததும் நாங்கள் கும்பிடுவதில்லை. மைக்கைத் தயார் செய்வோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு மாலையில் என் அம்மா தனியாகப் பந்தலுக்குள் வந்தார்.

"உங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். கும்பிட்டுட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். கண்ணாடி கீழ விழுந்துடுச்சுன்னு குனிஞ்சாரு, அது மட்டும் தெரியும்."

அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை செய்திருந்தார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. அந்த நெரிசலில் குனிந்தவர் நிமிர்ந்தாரா என்பதே கேள்வி. ரஹீம் பாய் ஒரு பக்கம் தேட ஓடினார். நான் மறுபக்கம் போகப் புறப்பட்டவன் நின்றேன். மைக்கில் சொன்னால் உடனே பலன் கிடைக்கும். ஆனால் என்ன சொல்வது? ஊருக்கே பாடம் சொன்ன தலைமையாசிரியர் வழி தெரியாமல் நிற்கிறார் என்று கம்பத்துக்குக் கம்பம் சொல்வதா? அப்பா உயிரோடு வந்து சேர்ந்தாலும் அதன்பின் வீதியில் இறங்கமாட்டார்.

அம்மாவும் அதையே சொன்னார். "பேரைச் சொல்லிடாதேடி மங்கை. மானம் போச்சுன்னு சோறு தின்னமாட்டாரு."

மங்கை அம்மாவை ஒருமுறை பார்த்தார். "அத்தை, நீங்க கொஞ்ச நேரம் வழி தெரியாதவங்களா இருங்க" என்றார். பிறகு பொத்தானைப் போட்டார்.

"தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டம்மாவுக்கு வழி தெரியலைங்க. தேரடிப் பந்தல்ல உக்காந்துக்கிட்டு இருக்காங்க. ஐயா வந்து கூட்டிக்கிட்டுப் போகணும். அவங்க பயப்படல, ஐயா வந்துடுவாருன்னு சொல்றாங்க. ஐயாகிட்ட படிச்ச பிள்ளைங்க பக்கத்துல யாருனா இருந்தா, கூட்டத்தை விலக்கி ஐயாவுக்கு வழி விடுங்க. ஐயா, மெதுவா வாங்க. அவசரம் இல்லை."

சாதாரண அறிவிப்பைச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். பேசி முடித்ததும் தட்டியின் இடுக்கு வழியாகக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். சன்னதித் தெருப் பக்கமிருந்து கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அப்பா வந்தார். வேட்டி கசங்கியிருந்தது, கண்ணாடி இல்லை. முன்னால் ஒரு பழைய மாணவர் "வழி விடுங்க, ஐயா வர்றாரு" என்று கூவிக்கொண்டு வந்தார். இன்னொருவர் அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். மரியாதைக்காகப் பிடித்திருப்பதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பந்தலுக்குள் வந்ததும் குத்துமதிப்பாக அம்மா இருந்த திசையைப் பார்த்து அதட்டினார். "ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலைங்க."

"நான் இல்லைன்னா என்னா பண்ணியிருப்பே?"

"அதான் உக்காந்துட்டேங்க."

மாணவர்கள் இருவரும் விடைபெற்றுப் போனார்கள். அப்பா பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அதை விலக்கவில்லை. பிறகு தட்டியின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"வேண்டுகோள்னு சொன்னது சரியான பிரயோகம்மா."

தட்டிக்குப் பின்னாலிருந்து, "நீங்க எழுதிக் கொடுத்த தாள்ல இருந்துதான் எடுத்தேன் மாமா" என்று பதில் வந்தது.

அடுத்த கார்த்திகையில் தேர் நாள் காலை அப்பாவே வாசலில் நின்று, "மங்கை, மைக்குக்கு நேரமாயிடுச்சு. இன்னும் கிளம்பலையா?" என்று குரல் கொடுத்தார். தட்டி மட்டும் அப்படியே இருந்தது. பெயரும் வெளிவரவில்லை. அவர் அதைத் தளர்த்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

5. நான் பேசிய அறிவிப்பு

எண்பதுகள் முடியும் தறுவாயில் ஒரு தை மாதக் காலையில் மங்கை மறைந்தார். நெஞ்சு வலி என்றார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. முந்தின கார்த்திகைக்குக்கூட அவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் துக்கச் செய்தியை வண்டியில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வது வழக்கம். என் கடையிலிருந்து எத்தனையோ வீடுகளுக்கு அந்த வண்டி போயிருக்கிறது. ரஹீம் பாய் யாரும் சொல்லாமலே ஆட்டோவில் குழாய்களைக் கட்டி வாசலில் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். பேச ஆள் வைக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். நானே பேசுவதாகச் சொன்னேன்.

என்ன சொல்வது என்று எழுதினேன். தலைமையாசிரியரின் மருமகள், இன்னாரின் மனைவி, இயற்கை எய்தினார் என்று முறையாக எழுதி அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தரையில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படித்துக் காட்டினேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

"வேற என்னா சேக்கணும்பா?"

"என் மருமகள்னு சொன்னா எனக்காக நாலு பேர் வருவாங்க. அவளுக்காக வரவேண்டியவங்களுக்கு எப்படித் தெரியும்? பந்தல்ல பேசினது யாருன்னு சொல்லு. பேரைச் சொல்லு. முழுப் பேரையும் சொல்லு."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். பே கோபுரத் தெரு முனையில் மைக்கைக் கையில் எடுத்தேன். அதுவரை மைக்கில் நான் பேச்சுத் தமிழ் பேசியதில்லை.

"ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொல்றேன். தீபத்தன்னைக்குத் தேரடிப் பந்தல்ல உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்து வச்ச அம்மா பேரு மங்கையர்க்கரசி. எங்க வீட்டம்மா. இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க. பே கோபுரத் தெருவுல, தலைமையாசிரியர் வீட்ல இருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காகக் காத்திருப்பாங்க. யாரும் ஓடி வராதீங்க. மெதுவா வாங்க."

ரஹீம் பாய் வண்டியை நடக்கும் வேகத்தில் ஓட்டினார். கடைத்தெரு வந்ததும் ஒலியின் அளவைக் குறைத்தார். "அம்மாவுக்கு ஜாஸ்தி புடிக்காது சார்" என்றார். அன்று அவர் அதை மீண்டும் ஏற்றவில்லை.

பிற்பகலில் வரத் தொடங்கினார்கள். பூக்காரர்கள், பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்குபவர்கள், மார்க்கெட்டில் பக்கத்தில் நின்று பேசிய அதே பெண்கள். முகத்தைப் பார்த்ததும், "இந்த அம்மாவா, என்கிட்ட தினமும் கீரை வாங்குமே" என்று ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தயங்கி நின்றவர்களிடமெல்லாம், "ஆமாம், என் மருமகதான். உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் ஓடி வரவில்லை.

மைக் செட் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். குழாய் எத்தனை கட்டினாலும் அதைக் கேட்பவர் ஒருவர்தான். அவர் எங்கோ கூட்டத்தில் பயந்துபோய் நிற்கிறார். அவரை விரட்டாதீர்கள். அவருக்கு உரியவர் நலமாக இருக்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். இடத்தைப் பிறகு சொல்லலாம்.

துக்கத்துக்கு வருபவர்கள் கைகூப்பினால் வீட்டுக்காரரும் பதிலுக்குக் கைகூப்ப வேண்டும் என்பது முறை. முறைகளில் நான் தவறியவனல்ல என்பது ஊரறிந்தது. அன்று நான் மங்கையின் தலைமாட்டில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கைகூப்ப வேண்டுமானால் அதை விட வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தேன்.